ரெண்டு ‘ச’

டேட் பிக்கரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ரயில் டிக்கெட் போடும்போது வரும், ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும்போது வரும், பிறந்த தேதி கேட்கும் எல்லா இடத்திலும் வரும். ஐபோனில் சக்கரமாகச் சுழலும். ஆண்ட்ராய்டில் கட்டம் போட்ட காலண்டராக விரியும். தேதியைத் தொட்டதும் மறைந்துவிடும். அதிகபட்சம் பத்து விநாடிப் பழக்கம். அந்தப் பத்து விநாடி தெரிகிற எழுத்தின் நிறம், அளவு, தடிமன் இவற்றுக்காக நான் செலவழித்த வாரங்களைக் கூட்டினால் ஒரு நாவல் எழுதியிருக்கலாம். சுமாரான நாவல் என்றால் இரண்டு.

ஆப்பில் ஒரு பொத்தானின் எழுத்தை மாற்றச் சொன்னால் ஒரு வரி வேலை. தலைப்பை மாற்றச் சொன்னாலும் அப்படித்தான். டேட் பிக்கர் மட்டும் அப்படியில்லை. அது ஆப்பின் சொத்து இல்லை, போனின் சொத்து. நமக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆப்பிளின் ஆவணத்தில், இதன் தோற்றத்தை மாற்ற முடியாது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ராத்திரியில் ஆணி அடித்தோம்.

ஆணி என்பது ஒரே வரிதான். பிக்கருக்குள் ஒளிந்திருக்கும் ‘டெக்ஸ்ட்கலர்’ என்ற பண்பை, அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பின்வாசல் வழியாக மாற்றிவிடலாம். சக்கரத்தில் இருக்கும் வரிகள் எல்லாம் நாம் சொன்ன நிறத்துக்கு வந்துவிடும். ‘இன்று’ என்ற வரி மட்டும் வராது, பழைய நிறத்திலேயே நிற்கும். அதை வழிக்குக் கொண்டுவர ‘ஹைலைட்ஸ்டுடே’ என்ற இன்னொரு ஒளிந்த சுவிட்சை அணைக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று பக்கத்து சீட்டுக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பின்வாசல்கள் தெரிந்திருப்பதையே திறமை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

2019 செப்டம்பரில் ஐஓஎஸ் 13 வந்தது, கூடவே டார்க் மோடும். புதிய கருவியில் பில்ட் செய்து ஆப்பை வெளியிட்ட மறுநாள் ஒருவர் புகார் அனுப்பியிருந்தார். தேதி கேட்கும் இடத்தில் ஒன்றுமே இல்லையாம். திறந்து பார்த்தால் பிக்கர் இருக்கிறது, விரலால் தள்ளினால் டிக் டிக் என்று சுற்றுகிறது, எழுத்து மட்டும் இல்லை. பின்னணி இருட்டுக்கு மாறிவிட்டது. எழுத்துக்குக் கறுப்பு என்று நான் அடித்த ஆணி அப்படியே இருக்கிறது. அவர் ஒரு நம்பிக்கையில் சுற்றிச் சுற்றி ஏதோ ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தும் இருந்தார். டீமில் எல்லோரும் சிரித்தோம். இரண்டு மணி நேரத்தில் சரிசெய்தோம். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதாகச் சொல்ல எதுவும் இல்லை.

ஆண்ட்ராய்டு கொஞ்சம் தாராளம். 2014-இல் லாலிபாப்போடு வந்த கட்டக் காலண்டர், தீமில் நாம் எழுதிவைக்கும் நிறங்களை எடுத்துக்கொள்ளும். சக்கர வடிவம்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் கஷ்டம். ஆண்ட்ராய்டு 10 வரை அதன் எழுத்து நிறத்தை மாற்ற நேரான வழியே கிடையாது. ரிஃப்ளெக்ஷன் என்ற முறையில் உள்ளே கையை விட்டு, அது வரைவதற்கு வைத்திருக்கும் தூரிகையையே பிடித்துச் சாயத்தில் முக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9-இல் அப்படிக் கைவிடுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார்.

இதெல்லாம் பழைய கதை. சொல்ல வந்தது 2022-இல் நடந்தது.

அப்போது நான் இருந்த கம்பெனி, ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு ஆப் செய்துகொடுத்தது. வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போவார்கள். எந்த நாளில் வரவேண்டும் என்று ஆப்பில் தேதி போட வேண்டும். டிசைனர் அனுப்பிய படம் அழகாக இருந்தது. இன்றைக்கும் அதை அழகு என்றுதான் சொல்வேன். வெள்ளைப் பின்னணி, மெலிந்த எண்கள், மேலே கிழமைக்கு ஓர் எழுத்து, அதுவும் வெளிர் சாம்பலில். கட்டக் கோடுகள் கிடையாது. ஏகப்பட்ட காற்றோட்டம். போனோடு வரும் பிக்கரை வைத்து இதைச் செய்ய முடியாது. எழுத்தின் தடிமன், கிழமை வரிசையின் நிறம், எண்களுக்கு நடுவே இடைவெளி என்று ஒவ்வொன்றுக்கும் மன்றாட வேண்டும். அதனால் வாடகை வீட்டையே காலி செய்தேன். முழுக் காலண்டரையும் நானே வரைந்தேன். நாலு நாள். டெமோவில் கைதட்டினார்கள்.

அந்தக் காலண்டரில் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும்.

முதல் இடம், கிழமை வரிசை. போன் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் கிழமைப் பெயரை வாங்கி, அதன் முதல் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டேன். சண்டேக்கு எஸ், மண்டேக்கு எம். சோதனை செய்த எங்கள் எல்லோருடைய போனும் ஆங்கிலத்தில் இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஆபீஸ், டீமில் ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர்கள், மதியச் சாப்பாட்டில் தமிழ் சினிமா தவிர வேறு பேச்சு இல்லை. ஒருவர் போன்கூடத் தமிழில் இல்லை.

இரண்டாவது இடம், எண்களின் அளவு. ஆண்ட்ராய்டில் எழுத்தின் அளவை எஸ்பி என்ற அலகில் கொடுப்பது வழக்கம். போன் வைத்திருப்பவர் செட்டிங்கில் எழுத்தைப் பெரிதாக்கினால் எஸ்பியில் கொடுத்ததெல்லாம் கூடவே பெரிதாகும். டிபி என்று இன்னொரு அலகு உண்டு. அது கட்டங்களுக்கும் இடைவெளிகளுக்கும். எழுத்து செட்டிங்கை அது கண்டுகொள்ளாது. நான் எஸ்பியில்தான் கொடுத்திருந்தேன். சோதனைக்காரர் போனில் எழுத்தை அதிகபட்சத்துக்கு வைத்துப் பார்த்துவிட்டு, 27 என்பது கட்டத்தில் அடங்காமல் 2 மட்டும் தெரிகிறது என்று ஒரு பக் போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் ‘எஸ்’ஸை அழித்து ‘டி’ போட்டேன். 27 அடங்கிவிட்டது. பக் மூடப்பட்டது. என் வாழ்க்கையில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி முடித்த வேலை அது ஒன்றுதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறாள். சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக. கண் பார்வை, கண்ணாடி போட்டாலும் ஒரு மாதிரிதான். போன முறை ஊருக்குப் போனபோது அவளுடைய போனில் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்து அளவை அதிகபட்சத்துக்கு இழுத்துவைத்துக் கொடுத்தது நான்தான். “இப்பத்தான்டா மனுஷ எழுத்து மாதிரி இருக்கு” என்றாள். நாங்கள் செய்த ஆப் அந்த ஊரிலும் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அதையும் ஏற்றிக் கொடுத்தேன். மெனக்கெட்டு லேபுக்கு ஆட்டோவில் போக வேண்டாம், வீட்டுக்கே வருவார்கள் என்று சொன்னேன். “நான் செஞ்சதும்மா” என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. ஆடி பிறந்த நாள். டாக்டர் மூன்று மாதச் சர்க்கரையும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். அம்மா ஆப்பைத் திறந்தாள். ஆடி முதல் செவ்வாய்க்குக் கோயிலுக்குப் போக வேண்டும், அன்றைக்குக் காலையிலேயே ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது கணக்கு. அம்மாவுக்கு எல்லாமே கிழமைதான். தேதி என்பது தினசரி காலண்டரில் கிழிப்பதற்காக இருப்பது. பால்காரருக்குப் பணம் தேதியில் கொடுப்பாள், மற்றபடி பிறந்தது, பெண் பார்த்தது, அப்பா போனது எல்லாம் கிழமையோடுதான் அவள் நினைவில் இருக்கின்றன.

அவள் செவ்வாயைத் தேடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, யாரும் வரவில்லை. பழக்கத்தில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டுவிட்டாள். சாப்பிடவில்லை; வருகிற நேரம் சாப்பிட்டிருந்தால் ரிசல்ட் கெட்டுவிடும் என்று. எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “என்ன பெரியம்மா, ஆடிச் செவ்வா விரதமா?” என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். காரணத்தை எல்லாம் யாருக்குச் சொல்லிக்கொண்டு. பத்தரைக்கு அந்த அக்கா கோலப்பொடி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அம்மா திண்ணையோரம் சரிந்து கிடந்தாள். சேலையெல்லாம் வியர்வை. அந்த அக்கா அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். கன்னத்தைத் தட்டிக் கண் விழிக்க வைத்து, விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்திருக்கிறார். அவர் வந்திருக்காவிட்டால் என்று நான் யோசிப்பதில்லை.

எனக்கு மதியம் போன் வந்தது. ராத்திரி பஸ் பிடித்துப் போனேன்.

அம்மா நன்றாகத்தான் இருந்தாள். இட்லி சுட்டு வைத்திருந்தாள். நான் கோபத்தோடு லேபுக்காரர்களைத் திட்டிக்கொண்டே போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். புக்கிங் சனிக்கிழமைக்கு, 23-ஆம் தேதிக்கு இருந்தது. ஆங்கிலத்தில் குறுஞ்செய்தியும் வந்திருந்தது, 23-07-2022 என்று எண்ணில் மட்டும்.

“சனிக்கெழமைக்குப் போட்டிருக்கம்மா.”

“செவ்வாதான்டா போட்டேன். ‘செ’னு தேடிப் பாத்தேன், அதுல ‘செ’யே இல்ல. ரெண்டு ‘ச’ இருந்துச்சு. ஓரத்துல இருந்தது கொஞ்சம் கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதுக்குக் கீழ அமுக்கினேன்.”

“23னு வந்துச்சுல்ல, செவ்வா 19 ஆச்சே?”

“வந்துச்சு. நீ செஞ்சதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

நான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஆப்பில் மற்ற எல்லா எழுத்தும் பெரிதாக இருந்தன. காலண்டர் மட்டும் பொடியாக, சாம்பல் பூத்து இருந்தது. மேல் வரிசையில் இப்படி: ஞ, த, ச, ப, வ, வ, ச.

முதல் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ‘செ’ என்பது ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு. யூனிகோடில் முதலில் ‘ச’ இருக்கும், அதற்குப் பின்னால் ஒற்றைக்கொம்பு இருக்கும். திரையில் கொம்பு முன்னால் தெரிகிறதே தவிர, உள்ளே வரிசை அப்படித்தான். நான் எழுதிய வரி முதல் துண்டை மட்டும் வெட்டி எடுத்தது. ஞாயிறின் கால் போயிற்று. திங்களின் இகரம் போயிற்று. புதனின் உகரம் போயிற்று. வியாழனும் வெள்ளியும் ஒரே ‘வ’ ஆயின. செவ்வாயும் சனியும் ஒரே ‘ச’. ஆங்கிலத்திலும் இரண்டு ‘டி’, இரண்டு ‘எஸ்’ வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. அவர்கள் அந்தச் சுருக்கத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள், இடத்தை வைத்தே கண்டுபிடிப்பார்கள். செவ்வாயை ‘ச’ என்று சுருக்கி எந்தத் தமிழரும் எந்தக் காலத்திலும் எழுதியது கிடையாது. அது சுருக்கமே இல்லை, ஒடிந்த எழுத்து.

இதில் என்னைக் கொன்றது வேறொன்று. சரியான சுருக்கம் போனுக்குள்ளேயே இருந்தது. யூனிகோட் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பில், ஒவ்வொரு மொழியிலும் கிழமைகளின் மிகக் குறுகிய வடிவத்தை நிரப்பி வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு: ஞா, தி, செ, பு, வி, வெ, ச. யாரோ உட்கார்ந்து, யோசித்து, ஒன்றோடொன்று குழம்பாமல் எழுதிய ஏழு சுருக்கங்கள். தேதி வடிவத்தில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை ஐந்து முறை போட்டிருந்தால் அவை வந்திருக்கும். போனோடு வந்த பழைய பிக்கரை, அந்த வாடகை வீட்டை, அப்படியே விட்டிருந்தால் நான் ஒன்றும் செய்யாமலே ‘செ’ அங்கே நின்றிருக்கும்.

ஊரிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக அந்த வரியில் கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்டும் கட்டளை அது. யார் என்று தெரியும். இருந்தாலும் போட்டேன். வெட்டிய வரிக்கு என் பெயர். டிபி போட்ட வரிக்கும் என் பெயர், வெள்ளி மாலை ஆறு பத்து.

சாம்பல் நிறத்தையும் அளந்தேன். வெள்ளையோடு அதன் வேறுபாட்டு விகிதம் 2.68. இணைய அணுகல் விதிமுறைகள் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கின்றன. தேர்ந்தெடுக்க முடியாத, செயலிழந்த பகுதிகளுக்கு விலக்கு உண்டு. கிழமை வரிசை அதில் சேராது. அதை யாரும் தொடப்போவதில்லை, படிக்கப்போகிறார்கள்.

கிழமை எழுத்தைத் திருத்த அரை மணி நேரம். எஸ்பிக்குத் திரும்பியதும் பழைய பக் திரும்ப வந்தது, 27 மறுபடி 2 ஆனது. மீட்டிங் வைத்தார்கள். எழுத்தை இவ்வளவு பெரிதாக வைப்பவர்கள் எத்தனை பேர் என்று மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்விதான், எங்களிடம் அந்தக் கணக்கு இல்லை. அம்மா கதையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம் வருத்தப்பட்டிருப்பார்கள், பிறகு அது ‘உன் அம்மாவுக்காகச் செய்தது’ ஆகியிருக்கும். டிசைனரிடம் மட்டும் சொன்னேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், சொந்த ஊர் தேனிப் பக்கம். ஒன்றும் பேசாமல் தன்னுடைய போனைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைக் கடைசி வரைக்கும் இழுத்து, இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தார். மூன்றாம் நாள் வந்து, “அண்ணா, நம்ம லேபு ஏழு நாளைக்கு மேல புக்கிங்கே எடுக்க மாட்டாங்கல்ல? அப்புறம் எதுக்கு முப்பது நாள் காட்டுறோம்?” என்றார்.

நாலு நாள் உட்கார்ந்து காலண்டர் வரைந்தவனுக்கு அது தோன்றவில்லை. எழுத்தின் தோற்றத்தை எப்படி மாற்றுவது என்று மட்டும்தான் வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். இந்த இடத்தில் காலண்டர் வேண்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிறந்த தேதிக்கும் அப்படித்தான். எழுபது வயதுக்காரரை இன்றைய தேதியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எண்ணூறு மாதம் பின்னால் போகச் சொல்கிறோம். ஆண்ட்ராய்டு காலண்டரில் மேலே இருக்கும் வருஷத்தைத் தொட்டால் வருஷப் பட்டியல் வரும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று பெட்டி வைத்து எண்ணைத் தட்டச் சொன்னால் முடிந்தது.

ஏழு வரி வைத்தோம். காலண்டர் கிடையாது, சக்கரம் கிடையாது. ஒரு வரிக்கு ஒரு நாள், கிழமை முழுசாக, கறுப்பில்: ‘செவ்வாய், ஜூலை 19’ என்கிற மாதிரி. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உயரமாகும், அவ்வளவுதான். எதுவும் எதையும் முட்டாது. அளவு எஸ்பியில். உறுதி செய்யும் குறுஞ்செய்தியிலும் கிழமையைச் சேர்க்கச் சொன்னோம். அது வேறு இடத்திலிருந்து வருவதால் மூன்று மாதம் ஆயிற்று. டெமோவில் யாரும் கைதட்டவில்லை. பார்க்க மளிகைக் கடை பில் மாதிரி இருந்தது.

ஐப்பசியில் ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை வந்தது. நான் போட்டுத் தருகிறேன் என்றேன். “குடுடா, நானே பாக்குறேன்” என்று போனை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை ஒவ்வொரு வரியாக வைத்துச் சத்தமாக வாசித்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். செவ்வாயில் நிறுத்தித் தொட்டாள். வரி நீலமாயிற்று. கீழே இருந்த பொத்தானைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது என்னடா போட்டிருக்கு?”

“கன்ஃபார்ம்னு இருக்கும்மா. அமுக்கு.”

“அத ஏன் தமிழ்ல போடல?”

“அது வேற டீம்மா.”